ஒருத்திக்கு ஓர் உலை

எங்கள் சலவைக்கூடத்தில் பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும், படுக்கை விரிப்புகளைத் தேய்த்து உலர்த்தும் ரோலர் நிற்கும். நின்ற பிறகும் அதன் சூடு லேசில் அடங்காது. ரோலருக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு தடித்த நீராவிக் குழாய் ஓடும். அதன்மேல் பெண்கள் காலையிலேயே தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மணி அடித்ததும் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு நடைவழி பெஞ்சுகளில் போய் உட்காருவார்கள். மொத்தம் இருபத்தாறு டப்பாக்கள். அவற்றில் இருபத்தைந்தைத் திறந்தால் காலை அவசரத்தில் அடைத்த சோறும் நேற்றைய மிச்சமும்தான் இருக்கும். இருபத்தாறாவதைத் திறக்கும்போது எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும்.

அது சிக்கனத்தின் டப்பா. அவளுக்கு வேறு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் நான்தான் தினமும் எழுதினேன். ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் அவள் சிக்கனம்தான்.

நான் அங்கே கிளார்க். பதிவேடு எழுதுவது, சம்பளக் கவர் போடுவது, அறிவிப்புகளைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டுவது என் வேலை. என் மேஜை ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்ததால் கூடம் முழுவதும் எனக்குத் தெரியும். நடந்த எல்லாவற்றிலும் எனக்கும் ஒரு பங்கு உண்டு. வெளியே சொல்லிக்கொள்ளும்படியான பங்கு இல்லை.

சிக்கனத்துக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. குட்டையானவள். இரண்டு முன்கைகளிலும் ரோலர் சுட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கும். ரோலர் வேலையில் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து அதன் வாயில் ஊட்டுவார்கள், இரண்டு பேர் மறுபக்கம் வாங்கி மடிப்பார்கள். ஒன்பது வருஷமாகச் சிக்கனத்தோடு ஜோடி சேர்ந்து ஊட்டியவள் நெட்டை. ஆறடிக்கு இரண்டு விரற்கடைதான் குறைவு. “உங்க ரெண்டு பேர் நடுவுல விரிப்பைக் கட்டினா தண்ணி தானா வடிஞ்சிடும்” என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். ஆனால் அவர்கள் ஊட்டிய விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை. அதற்கு அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. முனையை விடப்போகும் நொடியில் நெட்டை “ம்” என்பாள். சிக்கனமும் அதே நொடியில் விடுவாள். ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு தடவை அந்த “ம்” கேட்கும்.

நெட்டைக்கு வீட்டில் ஐந்து வாய். முதுகொடிந்து படுத்திருக்கும் கணவன், மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள், அவள். சிக்கனத்துக்கு ஒரே வாய்.

அந்த ஒரு வாய்க்கு அவள் கொடுத்த மரியாதை எனக்கு ஆச்சரியமாக இருக்கும். டப்பாவைத் திறந்தால், மெல்லியதாகச் சீவி ஓரம் சிவக்க வதக்கிய முட்டைகோஸ் தண்டு இருக்கும். நொய்யரிசிச் சோற்றில் பீட்ரூட் கீரை கலந்து இளஞ்சிவப்பாகக் கிடக்கும். வேகவைத்த முட்டையில் பாதி, நூலை இழுத்து அறுத்தது, மஞ்சள் கரு சிதறாமல் உட்கார்ந்திருக்கும். மறு பாதி இரவுச் சாப்பாட்டுக்கு. ஈரத்துணியில் முளைகட்டிய பயறு ஒரு மூலையில். அதன்மேல் பொடித்த கடலை. எல்லாம் யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதும், உடைந்ததும், வாடியதும்தான். டப்பாவில் பார்த்தால் அப்படித் தெரியாது.

“இவ்வளவு பாடு எதுக்கு? ஒத்தை ஆளுதானே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒத்தை ஆளுன்னா வயிறு பாதிதான் இருக்குமா சார்?” என்றாள்.

அவள் கதையை அன்றைக்குத்தான் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் கணவன் வீட்டில் கடைசி ஆளாகச் சாப்பிட்டவள். மாமியார், கணவன், அவன் தம்பிகள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து, அடுப்படியில் நின்றபடி தின்பாள். என்ன தின்றோம் என்றே தெரியாது. கணவன் கட்டடத்திலிருந்து விழுந்து செத்தான். முப்பதாம் நாள் கொழுந்தன், “அண்ணி, ரூம் வேணும்” என்றான். ஒரு பானை, ஒரு தட்டு, ஒரு அடுப்போடு சைக்கிள் கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்கு வந்தாள்.

“முதல் நாள் உலை வெச்சேன் சார். பழக்கதோஷத்துல ஒன்பது பேருக்கு அரிசி போட்டுட்டேன். பானை பொங்கி வழியுது. சாப்பிட ஆளில்ல. நான் பாட்டுக்கு உட்கார்ந்து அழுதேன். மூணு நாள் அதையே தின்னேன், நாலாம் நாள் புளிச்சுப் போச்சு. அஞ்சு பேருக்கு எந்த மக்கும் சமைச்சிடுவா. ஒரு ஆளுக்குச் சமைக்கிறதுதான் சார் வித்தை.”

அந்த வித்தையைத் தனியாகவே கற்றுக்கொண்டாள். ஒரு முட்டைகோஸ் வாங்கினால் திங்கள் இலை, செவ்வாய் நடு, புதன் தண்டு. பருப்பை ஒரு கொதி வரவிட்டு, பானையை எங்கள் கூடம் கழித்துப்போட்ட பழைய விரிப்பில் நாலு சுற்று சுற்றி மூலையில் வைத்துவிடுவாள். ஒரு மணி நேரத்தில் அது தன் சூட்டிலேயே வெந்து மலர்ந்திருக்கும், கேஸும் மிச்சம். எண்ணெயை ஊற்றமாட்டாள், கரண்டியால் அளப்பாள். கசாப்புக் கடையில் எலும்பை வாங்கி ஞாயிற்றுக்கிழமை முழுக்க காய்ச்சி, அந்தச் சாற்றை மூன்று நாளைக்குச் சோற்றில் விடுவாள். சாப்பிடும்போது கட்டாயம் உட்காருவாள். தட்டைத் துடைத்து வைத்து, எல்லாவற்றையும் பரிமாறி, பிறகுதான் முதல் வாய். அந்தத் தெருவில் அவளைவிட அதிகம் செலவழித்துச் சாப்பிட்டவர்கள் நிறைய பேர். அவளைவிட நன்றாகச் சாப்பிட்டவர்கள் இருந்தார்களா என்பது சந்தேகம்தான்.

முதலாளியின் மருமகளைக் கூடத்தில் சின்ன மேடம் என்போம். மேற்படிப்புப் படித்துவிட்டு வந்தவள். பணியாளர் நலன் என்று ஒரு பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. யாரையும் அதட்டமாட்டாள், எல்லாரையும் “நீங்க, வாங்க” என்பாள். நடைவழியில் பூந்தொட்டி வைத்ததுகூட அவள்தான். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் நின்றுவிட்டாள்.

“என்ன வாசனை இது! யாரோட டப்பா?”

இருபத்தைந்து பேரும் சிக்கனத்தைப் பார்த்தார்கள். சின்ன மேடம் அவள் எதிரில் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் ருசி பார்க்கலாமா?”

சிக்கனம் தன் கரண்டியை மூன்று தடவை துடைத்துக் கொடுத்தாள். சின்ன மேடம் ஒரு வாய் வாங்கிக் கண்ணை மூடினாள்.

“அய்யோ, பிரமாதம்! இது என்ன காய்?”

“கோஸ் தண்டுங்க மேடம். எல்லாரும் தூக்கிப் போடுறது.”

“தண்டா? இவ்வளவு நல்லா இருக்கே! இதெல்லாம் செய்ய நிறைய ஆகுமோ?”

நெட்டை பெஞ்சுக்கு அடியில் சிக்கனத்தின் காலை மிதித்தாள். சிக்கனம் காலை நகர்த்திக்கொண்டாள். அவளுடைய ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் சமையலைப் பற்றி ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஒண்ணும் ஆகாது மேடம். கம்பெனி குடுக்கிற சாப்பாட்டுப் படியில பாதிகூட ஆகாது.”

“பாதியா? நிஜமாவா?”

நெட்டை மறுபடி மிதித்தாள். இந்த முறை நன்றாகவே மிதித்தாள்.

“சத்தியமா மேடம். மூணு வேளையும். தினம் ஒரு டம்ளர் பாலும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. தண்டு, நொய், நூலால் அறுத்த முட்டை, விரிப்பில் சுற்றிய பானை என்று எல்லாவற்றையும் சொன்னாள். மணி அடித்தது. அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கவில்லை.

மறுநாள் சின்ன மேடம் அவளையும் டப்பாவையும் படம் எடுத்தாள். படத்துக்குக் கீழே ‘குறைந்த செலவில் நிறைந்த உணவு: நம் சகோதரியின் சாதனை’ என்று தலைப்புக் கொடுத்து, அவள் சொன்ன முறைகளையெல்லாம் என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னாள். ஒட்டினேன். ஒரு வாரம் சிக்கனம் அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் நடை கொஞ்சம் மெதுவாகும்.

மூன்றாவது வாரம் அதே பலகைக்கு இன்னொரு தாள் வந்தது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். சாப்பாட்டுப் படி அடுத்த மாதத்திலிருந்து பாதியாகிறது. ‘இத்தொகையில் சத்தான உணவு உண்ண இயலும் என்பது நமது பணியாளர் ஒருவராலேயே நிரூபிக்கப்பட்டுள்ளதால்’ என்று ஒரு வரி. ‘நிரூபிக்கப்பட்டுள்ளதால்’ என்ற இடத்தில் என் விரல் நின்றது. நின்றது, அவ்வளவுதான். பிறகு முற்றுப்புள்ளி வைத்தேன்.

அன்று மணி அடித்ததும் யாரும் டப்பாவை எடுக்கவில்லை. பலகை முன்னால் கூடி நின்றார்கள். மடிக்கும் பக்கத்தில் மூத்தவள் ஒருத்தி, எல்லாரும் மடிப்பக்கா என்பார்கள். அவள்தான் முதலில் திரும்பினாள்.

“எங்க சோத்துக்கே உலை வெச்சிட்டியேடி பாவி!”

“அக்கா, நான் என் கதையைத்தானே சொன்னேன்…”

“உன் கதையை உன் வீட்டுச் சுவத்துக்கிட்ட சொல்லு. உனக்கு ஒரு வயிறு. அழ ஒரு குழந்தை கிடையாது, கேக்க ஒரு நாதி கிடையாது. நீ தண்டைத் தின்னுவே, தவிட்டைத் தின்னுவே. எங்க பிள்ளைங்களும் அதைத் தின்னணுமா?”

சிக்கனம் நெட்டையைப் பார்த்தாள். நெட்டை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் மிதிச்சேன்” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “ரெண்டு தடவை மிதிச்சேன்.”

அன்றிலிருந்து அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. குழாயின்மேல் அவள் வைக்கும் டப்பா மணி அடிக்கும்போது தரையில் இருக்கும். அதையும் அவள் எடுத்துத் துடைத்து, ஆறிப்போனதைப் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அதுதான் அவர்களை இன்னும் எரித்தது என்று நினைக்கிறேன். அவள் ஒரு வேளை பட்டினி கிடந்திருந்தால், அல்லது வெறும் சோற்றைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க விழுங்கியிருந்தால், விட்டிருப்பார்கள். அவளுக்கு அது தோன்றவில்லை. நன்றாகச் சாப்பிடுவதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் அவள் முதல் வாயை வைத்ததும் துப்பினாள். உதட்டைப் பொத்திக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாள். டப்பாவில் யாரோ சலவை சோடாவைத் தூவியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். பெஞ்சுகளில் ஒருவரும் நிமிரவில்லை. ஒருத்தி மட்டும் சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்துக்கொண்டாள். சிக்கனம் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து, உதடு வீங்கித் திரும்பி வந்தாள். டப்பாவை மூடினாள். கையைக் கட்டிக்கொண்டு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

ரோலரில் இன்னொன்று நடந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாள் ஆயிற்று. கூடத்தில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. நெட்டை “ம்” சொல்வதை நிறுத்திவிட்டாள். சொல்லாமல் விடுவாள். விரிப்பு சட்டென்று உள்ளே இழுபடும், சிக்கனத்தின் கையும் கூடவே போகும். எட்டு நாளில் மூன்று சூடு. மூன்றாவது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. மேஸ்திரி விபத்துப் பதிவேட்டில் ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

கையில் கட்டோடு அவள் சின்ன மேடத்தின் அறைக்குப் போனாள். நான் அங்கே கையெழுத்து வாங்கக் காத்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“என்ன பொய்? முதல்ல உட்காருங்க. கைக்கு என்ன ஆச்சு?”

அவள் உட்காரவில்லை. “அந்தப் பணத்துல ஆகாது மேடம். பெருமைக்குச் சொன்னேன். ராத்திரியில பட்டினி கிடந்துதான் பகல் டப்பாவை நெரப்புறேன். படியைப் பழையபடி போட்டுடுங்க மேடம். பிள்ளைக்குட்டிக்காரங்க.”

ஒரு வாய்ச் சாப்பாட்டைக்கூடக் குறைத்துப் பேசாதவள், தான் பட்டினி கிடந்ததாகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பாடம் ஒப்பிப்பது போல் இருந்தது.

சின்ன மேடம் சிரித்தாள். அன்பான சிரிப்புதான். “நீங்க சொன்ன மாதிரியே எங்க வீட்டுச் சமையல்காரம்மாவை ஒரு வாரம் செஞ்சு பார்க்கச் சொன்னேன். நீங்க சொன்னதைவிடக் கொஞ்சம் கம்மியாவே ஆச்சு.”

“ஒரு வாரமும் அதையே சாப்பிட்டீங்களா மேடம்?”

“நாங்களா? அது செலவு எவ்வளவு ஆகுதுன்னு பார்க்கத்தானே. நீங்க ஏன் இவ்வளவு தாழ்த்திப் பேசிக்கிறீங்க? எங்க வீட்டு நாய்க்கு டாக்டர் ஒரு தீனி எழுதிக் குடுத்திருக்காரு. அது இப்ப உங்களுக்கு வர படியைவிட ஜாஸ்தி ஆகுது. அந்தப் பையைப் பிரிக்கும்போதெல்லாம் உங்களைத்தான் நெனச்சுப்பேன், தெரியுமா? எவ்வளவு கெட்டிக்காரங்கன்னு!”

சிக்கனத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றாள் சின்ன மேடம். “அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?”

“அன்னிக்குச் சொன்னதுதான் மேடம்.”

“அப்ப உங்க படத்தைப் போட்டு, உங்க பேச்சை நம்பி நான் ஒரு முடிவெடுத்தேனே, என்னை எல்லாரும் என்னன்னு நெனப்பாங்க?” உண்மையாகவே அவள் குரல் தழுதழுத்தது. “மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

படி பழையபடி வரவில்லை. சிக்கனத்தின் இடம்தான் மாறியது. ‘கைக்காயத்தை முன்னிட்டு, பாரம் குறைந்த பணிக்கு’ என்று நான் எழுதிய தாளில் அவளை அழுக்கறைக்கு மாற்றினார்கள். அங்கே இருப்பவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவள் பெயர் என் பதிவேட்டிலிருந்து அவருடைய பதிவேட்டுக்குப் போனது.

அழுக்கறை கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருக்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் மூட்டைகளை அங்கேதான் அவிழ்த்துப் பிரிப்பார்கள். இரத்தம் வேறு, சீழ் வேறு, மலம் வேறு, வாந்தி வேறு. ஊசி இருந்தால் எடுத்துப் போடவேண்டும். ஒரு நாள் பல்செட் வந்தது, ஒரு நாள் துணியில் சுற்றிய ஒரு விரல். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளலாம், ஆனால் நாற்றம் துணியைக் கேட்டு நிற்பதில்லை. அந்த அறையில் வேலை பார்த்த மற்ற இரண்டு பேரும் ஆண்கள். வேலைக்கு வரும்போதே குடித்துவிட்டு வருவார்கள், மதியம் எதுவும் சாப்பிடமாட்டார்கள்.

முதல் வாரம் அவள் டப்பா கொண்டு வந்தாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து திறப்பாள். பார்ப்பாள். மூடுவாள். இரண்டாம் வாரம் கொண்டுவரவில்லை.

“வீட்டுலயாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டேன்.

“வாய்கிட்ட கொண்டு போறேன் சார். விரிப்பு வந்து நிக்குது. குளிச்சாலும் நாத்தம் போகமாட்டேங்குது, மூக்குக்குள்ளேயே குடியேறிடுச்சு. நேத்து பருப்பைக் கொட்டிட்டேன் சார். என் கையால கொட்டினேன்.”

அவள் மெலிந்தாள். தாடை எலும்பு தெரிந்தது. கூடத்தில் “நல்லா வேணும்” என்றார்கள். அவள் ஏன் அங்கே போனாள் என்று அவர்களுக்குத் தெரியாது, நானும் பலகையில் எழுதி ஒட்டவில்லை. நெட்டையிடம் மட்டும் ஒரு நாள் சம்பளக் கவர் கொடுக்கும்போது சொன்னேன், சின்ன மேடம் அறையில் நடந்ததை. அவள் கவரை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நெட்டை, சைக்கிள் கடைக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போயிருக்கிறாள். கையில் ஒரு பை, அதில் கால் முட்டைகோஸ், ஒரு பிடி பருப்பு. இருவருமே பிறகு தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின.

“அக்கா, சின்னது பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டா. இதை வெச்சு அஞ்சு பேருக்கு எப்படின்னு சொல்லிக் குடு.”

சிக்கனம் கட்டிலில் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. “சோடா போட்டது யாரு?” என்றாள்.

நெட்டை வாசலைப் பார்த்தாள். “நான்தான்.”

“நெனச்சேன். அவ்வளவு தாராளமா நீதான் போடுவே. மத்தவளுங்க ஒரு சிட்டிகை போட்டிருப்பாளுங்க.”

நெட்டை அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் துரத்தியிருப்பேன் என்று சிக்கனம் பிறகு என்னிடம் சொன்னாள். அப்போது நெட்டையிடம் சொன்னது இதுதான்: “கத்தி அங்க இருக்கு. தண்டைத் தனியா எடு. இலையைத் தொடாதே, அது நாளைக்கு.” கட்டிலிலிருந்தபடியே சொல்லச் சொல்ல நெட்டை வெட்டினாள், கொதிக்கவைத்தாள், பானையை விரிப்பில் சுற்றினாள். மாலை வரை ஆயிற்று. எல்லாம் முடிந்து புறப்படும்போது நெட்டை கேட்டாள்:

“இந்தத் தண்டு, பீட்ரூட் கீரையெல்லாம் உனக்கு யாருக்கா சும்மா குடுக்கிறாங்க?”

மொத்தச் சந்தையில் மூட்டை இறக்கும் ஒரு பெண், விடியும் முன் கழிவைக் கொட்டுவதற்குள் சிக்கனத்தைப் பொறுக்கிக்கொள்ள விடுவாள். அந்த இடம் வேறு யாருக்கும் தெரியாது.

“யாரும் குடுக்கல. தேடிக்கணும்.”

“எங்க தேடுறது?”

“அவ்வளவு நீளத்துக்குக் கால் வெச்சிருக்கியே, நடந்து பாரு.”

நெட்டை சிரித்தாள். சிக்கனமும் சிரித்தாள். அதற்குமேல் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, பிள்ளை மயங்கி விழுந்ததைக் கேட்ட பிறகுமா என்று நான் பிறகு கேட்டபோது, அவள் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தோல் வெளிறிப்போய் மினுங்கியது.

“சோடா எரிஞ்சது ஒரு நாள்தான் சார். அவ ‘ம்’ சொல்லாம விட்டது எட்டு நாள்.”

மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ரோலர் நின்றது. பெண்கள் எல்லாரும் ஈர விரிப்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். படி முழுதாக வரும் வரை எழமாட்டோம் என்றார்கள். முன்னால் நின்றது நெட்டையும் மடிப்பக்காவும். மூன்று ஹோட்டல்களுக்கு மாலைக்குள் விரிப்பு போகவேண்டும். முதலாளியே நேரில் வந்து, பேசி, மறுநாள் மதியம்தான் இறங்கி வந்தார். படி முழுதாக இல்லை, முக்காலாக வந்தது. உத்தரவை என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், “ரோலர் பிரிவு, மடிப்புப் பிரிவுன்னு போட்டுக்க” என்றார்.

“அழுக்கறை, சார்?”

“அவங்க நம்ம ஆளுங்க இல்லையேப்பா.”

ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கூடத்தில் டீயும் பன்னும் வாங்கிக் கொண்டாடினார்கள். ஒரு பன் மிஞ்சியது. பின்சுவரைக் காட்டி, “அவளுக்குக் குடுக்கலாமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“எதுக்கு?” என்றாள் மடிப்பக்கா. “பாதியில வாழ்ந்து காட்டினவளாச்சே! பன்னு குடுத்தா அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்.” எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையும்தான்.

நான் அழுக்கறைப் பக்கம் போனபோது சிக்கனம் படிக்கட்டில் நின்றிருந்தாள்.

“என்ன சார், நேத்திலிருந்து ரோலர் சத்தமே காணோம். கரண்ட் இல்லையா?”

சொன்னேன். அவள் முகமூடித் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

“நானும் போய் உட்கார்ந்திருப்பேனே” என்றாள். “ஒருத்தி வந்து சுவத்தைத் தட்டியிருந்தா போதும்.”

இப்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள். ஐந்து வருஷம் ஆகிறது. வாரம் முழுக்க கஞ்சித் தண்ணீரையும் ரொட்டியையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறாள். சனிக்கிழமை வேலை விட்டதும் மூக்கை உப்புத்தண்ணீரால் கழுவுகிறாள். ஞாயிறு மதியத்துக்குள் வாசனை திரும்பிவிடுமாம். அந்த ஒரு வேளைக்காக வாரம் பூரா மனசுக்குள்ளேயே சமைக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் அறைக்குப் போனேன். ஒப்பந்தக்காரர் மாறுகிறார். பழைய சாப்பாட்டுப் படி, சம்பளப் பாக்கி, காயத்துக்கான இழப்பீடு எதையும் கேட்கமாட்டேன் என்று அந்த அறையில் வேலை செய்பவர்களிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். கதவு திறந்திருந்தது. அவள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். தட்டில் ஆவி பறக்கும் சோறு, எலும்புச் சாறு, சிவக்க வறுத்த கத்தரிக்காய்க் காம்பு, ஒரு முழு முட்டை.

“உட்காருங்க சார்” என்று ஸ்டூலைக் காட்டினாள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

அரை மணி நேரம் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயையும் மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தி, முகர்ந்து, பிறகு உள்ளே வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தாளைப் பைக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்தாள், விரல் விரலாக.

“என்ன காகிதம் சார்?”

படித்துக் காட்டினேன். எந்த வரியையும் விடவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

“போடலைன்னா?”

“வேலை இருக்காது.”

“ம்” என்றாள்.

போட்டாள். தாளில் எண்ணெய்க் கறை படாமல் பார்த்துக்கொண்டாள்.